பொட்டு வைத்த துவக்கு

அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டில் மிஞ்சிய ஆம்பிளைகள் இரண்டு பேர். ஒன்று நான், மற்றது அப்பா பன்றிக்கு வெடி வைத்த துவக்கு. இதில் எது வீட்டுக்கு உபயோகம் என்று குடியேற்றத்தில் ஒரு தேர்தல் வைத்திருந்தால் நான் கட்டுக்காசையும் இழந்திருப்பேன்.

அப்போது நான் ஓமந்தையில் அரசாங்க டிஸ்பென்சரியில் மருந்து கலப்பவன். காய்ச்சலுக்குச் சிவப்பு மிக்சர், வயிற்றுக்கு வெள்ளை மிக்சர். சிவப்பு முடிந்துவிட்டால் காய்ச்சல்காரருக்கும் வெள்ளையே போகும். அவர்களும் பிழைத்துக்கொண்டார்கள் என்பது அந்தப் பகுதிச் சனத்தின் உடற்கட்டுக்கு அத்தாட்சி, என் படிப்புக்கு அல்ல. வீடு அங்கிருந்து உள்ளே, குளத்துக்குக் கீழே. யாழ்ப்பாணத்திலிருந்து காணி எடுத்து வந்த குடும்பங்கள் வாய்க்காலோடு வரிசையாக இருந்தன. அதில் எங்களுடையதும் ஒன்று.

அப்பா ஒரு பின்னேரம் வயலால் வந்து, கதிரையில் இருந்து, தேத்தண்ணி கேட்டார். அம்மா கொண்டுவந்தபோது வாங்குவதற்குக் கை வரவில்லை. நான் நாடி பார்த்தேன். பார்த்துவிட்டு, எத்தனையோ பேருக்குப் பார்த்த பழக்கத்தில், சரி என்பதுபோலத் தலையை ஆட்டினேன். பிறகு அம்மாவின் கையிலிருந்த தேத்தண்ணியை வாங்கி நானே குடித்தேன். ஏன் குடித்தேன் என்று கேட்டால் ஆறிப்போகும் என்பதைத் தவிர எனக்குக் காரணம் தெரியாது.

செத்தவீட்டில் நான் அழவில்லை. வந்தவர்களுக்கு வெற்றிலைத் தட்டத்தை நீட்டிக்கொண்டு பகிடி விட்டேன். சிலர் சிரித்தார்கள், சிலர் என் தாயைப் பார்த்தார்கள். பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் கன்னம் இருக்கும், தொட்டால் கைக்கும் தெரியும், ஆனால் அது நம்முடைய கன்னமாக இராது. எனக்கு முழு ஆளுமே அப்படி இருந்தது. அந்தியேட்டி முடிந்து சனம் கலைந்தது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். சிவப்பு, வெள்ளை, சிவப்பு.

துவக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரட்டைக் குழல், பின்னால் தோட்டாவைத் தட்டுகிற குதிரைகள் இரண்டு, காது மாதிரி. தூக்கினால் தோள் இறங்கும். குளக்கட்டு வேலை நடந்த காலத்தில் அப்பா ஒரு வெள்ளைக்காரத் துரைக்குக் கீழே கங்காணியாக இருந்தார். துரை சீமைக்குப் போனபோது, கொண்டுபோகப் பாரமாக இருந்த சாமான்களை எல்லாம் இருந்தவர்களுக்குக் கொடுத்தார். ஒருவருக்குக் குளிக்கும் தொட்டி, ஒருவருக்குத் தொப்பிப்பெட்டி, அப்பாவுக்குத் துவக்கு. அரசாங்கக் கச்சேரியில் லைசென்ஸ் எழுதியவர் பன்னிரண்டாம் இலக்கத் தோட்டா உள்ளே போகிறதா என்று பார்த்தார். போனது. 'இரட்டைக் குழல், பன்னிரண்டு' என்று எழுதினார். அவ்வளவுதான் அதன் சாதகம்.

பன்றிக்குத்தான் அது எங்களுக்கு வேண்டியிருந்தது. நெல் பால் கட்டும் காலத்தில் பன்றி வந்தால் தின்பது கொஞ்சம், உழக்குவது மிச்சம். அப்பா காவல் கொட்டிலில் இருந்து வெடி வைப்பார். சத்தத்துக்குப் பன்றி ஓடும். அது போதும், வயல் தப்பிவிடும். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு பன்றிகூட விழவில்லை. கிட்ட நின்றதும் விழவில்லை, படுத்துக்கிடந்ததும் விழவில்லை. அப்பா சுட்டால் பன்றிக்கு ஆயுள் கூடும் என்று குடியேற்றம் முழுவதும் கதை. காய்ச்சல் வந்த பன்றிகள் மருந்துக்கு எங்கள் வயலுக்கு வருவதாகவும் ஒரு கதை இருந்தது. இது தரத்தில் கொஞ்சம் உயர்ந்தது. ஆர் கட்டினது என்று நீங்கள் ஊகிக்கலாம். அம்மாவும் சளைத்தவர் அல்ல. வெடிச் சத்தம் கேட்டவுடன் குசினிக்குள்ளிருந்தே குரல் கொடுப்பார்:

"ஆகாயத்துக்கு வெடி வைச்சது காணும், வந்து சாப்பிடுங்கோ."

அப்பா வருவார், துவக்கைச் சுவரில் சாத்துவார், சாப்பிடுவார்.

அப்பா இறந்த துடக்கு வருஷமானபடியால் அந்த முறை எங்கள் வீட்டில் ஆயுதபூசை இல்லை. மற்ற வருஷங்களில் மண்வெட்டி, அரிவாள், கொழு, நான் கடன்வாங்கி வரும் மருந்துத் தராசு எல்லாம் கழுவி வரிசையாக வைக்கப்படும். சந்தனக் கிண்ணத்தோடு அம்மா வருவார். எந்தச் சாமானுக்கும் ஒரு நெற்றி உண்டு என்பது அம்மாவின் கொள்கை. துவக்கின் நெற்றி, குதிரைகளுக்கு முன்னால், இரண்டு குழலும் சேருகிற இடத்தில் இருந்த ஒரு சின்ன மேடு. அதில் சந்தனம், அதன் மேல் குங்குமம். போன வருஷத்துப் பொட்டைத் துடைக்கக்கூடாது. அதன் மேல்தான் இந்த வருஷத்துப் பொட்டு. இப்படியே அது காய்ந்து காய்ந்து, கல்லாகி, பாதி நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்திருந்தது. அப்பா அதற்கு மேலால் எட்டிப் பார்த்துத்தான் குறி வைப்பார். அதை ஒருவரும் ஒரு குறையாகச் சொன்னதில்லை.

மார்கழி பிறந்த கையோடு, ஊரில் அரசாங்க அலுவல் பார்க்கிற விதானையார் வந்தார். கதிரையில் இருந்தார், பிறகு அது அப்பா இருந்த கதிரை என்று ஞாபகம் வந்து எழும்பி வாங்குப் பலகையில் இருந்தார்.

"செத்த ஆளின்ர பேரில துவக்கு இருக்கேலாது, அக்கா," என்றார். "வருஷம் முடிய முந்தித் தம்பியின்ர பேருக்கு மாத்த வேணும். கச்சேரியில இப்ப வந்திருக்கிறவர் கண்டிப்பான ஆள். ஆர் செய்த துவக்கு, என்ன நம்பர், என்ன வகை எண்டு எல்லாம் கேக்கிறார். அது இல்லையெண்டா கொண்டுபோய் ஒப்படைக்கத்தான் வேணும்."

புதிதாக ஒன்று எடுக்க முடியாதா என்று கேட்டேன். விண்ணப்பம் போட்டால் அடுத்த போகத்துக்குக் கிடைக்கலாம், அதற்கடுத்த போகத்துக்கும் கிடைக்கலாம் என்றார். அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்:

"தம்பி, துவக்கில்லாட்டி இந்தப் போகம் பன்றிக்குத்தான். உதில ஆற்ற பேர் கிடக்கெண்டு எப்பிடியாவது பாத்துக் குடு."

பார்த்தேன். பேர் இருக்கலாம் என்று நினைக்கக்கூடிய இடமெல்லாம் இரும்புக் கறள், எண்ணெய்ப் பிசுக்கு, சந்தனம். துவக்கைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டி டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனேன். துப்புரவாக்கத் தேவையான சாமான் அரசாங்கச் செலவில் அங்கேதான் இருந்தது. பஞ்சு, ஸ்பிரிட், கிளிசரின், காயத்துக்குள் விடுகிற மெல்லிய கம்பி, போத்தல் கழுவுகிற தூரிகை. நோயாளர் குறைந்த நேரங்களில் பின்னறையில் வைத்துத் துடைத்தேன். மருந்துக்கு வந்த ஒரு கிழவர் ஜன்னலால் எட்டிப் பார்த்து, துவக்குக்கும் காய்ச்சலோ என்று கேட்டார். வயிற்றால் போகிறது என்றேன். அவர் தன் வெள்ளை மிக்சரைக் கவனமாகப் பார்த்துக்கொண்டு போனார்.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்லமாட்டேன். பிடிக்கவில்லை என்றும் சொல்லமாட்டேன். பஞ்சை நனைப்பேன், துடைப்பேன், கறுப்பான பஞ்சை எறிவேன். மண்ணெண்ணெயில் ஊறவிட்டுச் சாம்பலால் உரஞ்சியபோது கறளுக்குக் கீழே குழலின் இரும்பு தெரிந்தது. வெறும் கறுப்பு அல்ல. புடையன் பாம்பின் தோல் மாதிரி, சுருள் சுருளாக, மண்ணிறமும் சாம்பலும் பின்னிய இரும்பு. வடிவான சாமான். வடிவென்று என் கண் எனக்கு அறிவித்தது. நான் குறித்துக்கொண்டு அடுத்த பஞ்சை எடுத்தேன்.

குதிரைகளுக்குக் கீழே இருந்த தகட்டில் ஒரு மிருகத்தின் உருவம் வெட்டியிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கில் அதை நாங்கள் எல்லோரும் பன்றி என்றே நம்பியிருந்தோம். துடைக்கத் துடைக்கப் பன்றிக்குத் தும்பிக்கை முளைத்தது. யானை. ஆனால் மாட்டு முழங்கால், நாய் வால். அதை வெட்டிய சீமைக்காரன் யானையை ஒருநாளும் கண்டிருக்கமாட்டான். யாரோ சொல்லக் கேட்டு வெட்டியிருக்கிறான். நான் மருந்து கலப்பதுபோல.

இரண்டு குழலுக்கும் நடுவே ஓடுகிற பட்டியில் கம்பியால் கிளறியபோது எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு குடும்பப் பேர், அதன் பின்னால் லண்டன் தெரு ஒன்றின் பேர். குழலைக் கழற்றிப் பார்த்தபோது அடியில் சின்னச் சின்ன ராசமுடி முத்திரைகள் பொறித்திருந்தன. ஒரு சாய்சதுரத்துக்குள் பன்னிரண்டு என்று இருந்தது, பக்கத்தில் நம்பரும் இருந்தது. கச்சேரி கேட்டதில் இரண்டு சரி. வகை என்ன என்பதுதான் மிச்சம். அது என்ன பெரிய விஷயம், இரட்டைக் குழல் வேட்டைத் துவக்கு என்று நினைத்தேன். வேலை முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். குழலின் உட்பக்கத்தையும் ஒருமுறை கழுவிவிடுவோம் என்று யோசித்ததுதான் வினை.

அன்று ஞாயிற்றுக்கிழமை, துவக்கையும் துப்புரவாக்கும் சாமான்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். என் கூட்டாளி வந்திருந்தான். தண்ணீரூற்று என்கிற ஊர்க்காரன், முஸ்லிம், என்னோடு ஒன்றாகப் படித்து என்னைவிடக் கெட்டிக்காரத்தனமாகப் படிப்பை விட்டவன். வவுனியாவில் சைக்கிள் கடை வைத்திருந்தான். அதே கடையில் அனுமதியோடு தோட்டாவும் விற்றான். அப்பாவுக்கு எல்லாத் தோட்டாவும் விற்றவன் அவன்தான். அதனால் தன் வியாபாரம் அப்பாவின் குறியில் தங்கியிருப்பதாகவும், அவருக்குக் கண் தெளியக்கூடாதென்று தான் தொழுவதாகவும் முன்பு சொல்வான். அப்பா இறந்தபின் அதைச் சொல்வதில்லை.

கொதிநீர் ஊற்றினோம். மை மாதிரி வந்தது. மூங்கில் தடியில் போத்தல் தூரிகையைக் கட்டி நான் உரஞ்ச உரஞ்ச, ஈயம் செதிள் செதிளாகக் கழன்று வந்தது. பிறகு குழலை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து உள்ளே பார்த்தேன். உள்ளே வழுவழுப்பாக இருக்க வேண்டிய இரும்பில் கோடுகள். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை, சுழன்று சுழன்று போகிற வரிகள். மற்றக் குழலிலும் அப்படியே.

"மச்சான், குழலைக் கெடுத்துப்போட்டன்," என்றேன்.

அவன் வாங்கிக் கனநேரம் பார்த்தான்.

"இது உன்ர வேலையில்லை."

"நான்தானே உரஞ்சினனான். தூரிகையில கம்பி இருந்தது."

"உனக்கு ஒரு நேர்கோடு கீறத் தெரியாது. இது ஒரே அளவில, ஒரே இடைவெளியில சுத்திக்கொண்டு போகுது. நீ செய்திருக்கவேமாட்டாய்."

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நற்சாட்சிப் பத்திரங்களில் இதுதான் மிக உறுதியானது.

அவனுடைய மாமா ஒருவர் பொலிசில் இருந்தார். அவருடைய ரைபிளின் குழலுக்குள் சின்ன வயதில் எட்டிப் பார்த்திருக்கிறான். அதற்குள்ளும் இதே சுழல் வரிகள்தான். ஒற்றைக் குண்டைச் சுழற்றி நேரே அனுப்புவதற்கு வெட்டிய வரிகள். ரைபிள் என்றால் அதுதான். ஆனால் ரைபிளுக்குத் தூரம் பார்க்கிற தகடு இருக்க வேண்டுமே, இதில் எங்கே என்றான். நான் துவக்கின் நெற்றியைப் பார்த்தேன். அவனும் பார்த்தான்.

அந்தப் பொட்டைக் கழற்றுவதற்கு அரைநாள் பிடித்தது. வெந்நீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்தோம். சீழ்க்கட்டி வெட்டுகிற சின்னக் கத்தியால் நான் ஓரத்தைச் செதுக்கினேன். சந்தனம், குங்குமம், சந்தனம், குங்குமம் என்று மரத்தின் வளையங்கள்போல வந்தன. அம்மாவின் ஒவ்வொரு வருஷத்தையும் நான் செதுக்கி எறிந்துகொண்டிருந்தேன். கீழே மூன்று சின்ன இரும்புத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்தன. நகத்தால் நெம்பியபோது ஒன்று எழும்பி நின்றது. நடுவில் ஒரு வெட்டு, அதன் கீழே தூரத்தைக் காட்டுகிற எண்கள்.

"உங்கட ஆக்கள் பொட்டு வைச்சு அதின்ர கண்ணைக் குத்திப்போட்டினம்," என்றான் கூட்டாளி. பகிடியாகத்தான் தொடங்கினான். முடிக்கும்போது அவன் முகத்தில் பகிடி இல்லை. வேறொன்று அவன் மூளைக்குள் ஓடியிருந்தது.

"நான் உங்கட அப்பாவுக்கு வித்ததெல்லாம் ஈயமணி நிறைச்ச சன்னத் தோட்டா," என்றான். "ஒரு நாளும் ஒற்றைக் குண்டு குடுக்கேல்லை. பன்னிரண்டாம் நம்பர் எண்டபடியால் உள்ள போச்சுது. ஆனா சுத்துற குழலுக்குள்ளால சன்னம் போனா என்ன நடக்கும்?"

எனக்குத் தெரியாது என்றேன். தனக்கும் தெரியாது, பார்ப்போம் என்றான்.

வீட்டுக்குப் பின்பக்கம் காட்டோரத்தில் இரண்டு மரத்துக்கு நடுவே, அம்மாவிடம் கேட்டு வாங்கிய பழைய பாய் ஒன்றை விரித்துக் கட்டினோம். நடுவில் கரியால் ஒரு பெரிய புள்ளி வைத்தேன். இவ்வளவு துடைத்துக் கழுவிய பழஞ்சாமான் வெடித்துச் சிதறினால் டிஸ்பென்சரியில் கட்டுப்போட நானே இருக்கமாட்டேன் என்பதால், துவக்கைப் பாலைமரக் கவட்டில் கயிற்றால் வரிந்து, புள்ளிக்கு நேரே பிடித்து, விசையில் நூல் கட்டிப் புற்றுக்குப் பின்னால் படுத்துக்கொண்டு இழுத்தேன். கூட்டாளி எனக்குப் பின்னால் படுத்தான். வீரத்தில் எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு முழம் வித்தியாசம் இருந்தது.

சின்னச் சன்னத் தோட்டா. ஒரு குழல், பிறகு மற்றக் குழல்.

பாயில் கரிப்புள்ளி புத்தம் புதிதாக இருந்தது. அதைச் சுற்றி அகலமான ஒரு வெறுமை. அதற்கு வெளியே, வண்டிச் சில்லுப்போல, வட்டமாகத் துளைகள். நடுவில் ஒன்றுகூட இல்லை. நாங்கள் திரும்பவும் தோட்டா போட்டுச் சுட்டோம். திரும்பவும் வட்டம், திரும்பவும் நடு வெறுமை. பன்றிக்குப் போடுகிற பெரிய சன்னத்தையும் போட்டான். அது பாயிலேயே அரைவாசிதான் பட்டது.

கூட்டாளி பாய்க்கு முன்னால் குந்தியிருந்தான். சன்னம் குழலுக்குள் சுழன்று, வெளியே வந்ததும் எல்லாப் பக்கமும் விசிறிப் போகிறது என்று கையால் காட்டினான். நடுவில் நிற்கிற எதற்கும் அது படாது. எவ்வளவு திறமாகக் குறி வைக்கிறோமோ அவ்வளவு நிச்சயமாகத் தவறும். கொஞ்சம் கை நடுங்குகிற ஆள் என்றால் இடைக்கிடை ஒன்றிரண்டு பன்றி விழுந்திருக்கும்.

இதற்கு ஒரு பகிடி என்னிடம் இருக்க வேண்டும். தேடினேன். பாயைக் கழற்றிச் சுருட்டினேன்.

கூட்டாளிதான் அடுத்ததைச் சொன்னான். தோட்டா விற்கிறவனுக்குச் சட்டம் தெரியும். வயல் காவலுக்குச் சன்னத் துவக்குத்தான் கொடுப்பார்கள், ரைபிள் கொடுக்கமாட்டார்கள். அதற்குக் கொழும்பில் பெரிய இடத்து அனுமதி வேண்டும். ரைபிள் என்று எழுதிக் கொடுத்தால் துவக்கு கச்சேரிக்குள் போகும், திரும்பி வராது. ஆகவே வாயைத் திறக்காதே. பேரையும் நம்பரையும் மட்டும் காட்டு. குழலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் புகையும் பிடிக்கவிடு. கச்சேரியில் ஒருவரும் உள்ளே எட்டிப் பார்க்கப்போவதில்லை.

எனக்கு அது முழுக்கச் சரியாகப் பட்டது. வயல் தப்ப வேண்டும், அம்மா அதைத்தானே கேட்டார்.

பாயை வீட்டு மாலுக்குள் வைக்கும்போது அம்மா கேட்டார், என்ன செய்தீர்கள் என்று. சொன்னேன். ரைபிள் என்பதையும், சன்னம் சுழல்வதையும், வாயை மூடிக்கொண்டிருந்தால் துவக்கு நமக்கே என்பதையும், திறந்தால் போய்விடும் என்பதையும் சொன்னேன். பொட்டின் கதையையும் சொன்னேன், கொஞ்சம் மெதுவாக. அம்மா பாயை நிலத்தில் விரித்தார். அரிசி புடைக்கும்போது கல் தேடுகிறமாதிரி விரலால் துளைகளைத் தடவிக்கொண்டு வந்தார்.

"அப்ப கொப்பர் நேரதான் பிடிச்சவர்."

"ஓம்."

"நேர பிடிச்சா நடுவில ஒண்டும் விழாது."

"ஓம் அம்மா."

"பன்றி நடுவில நிண்டிருக்கு."

"பன்றி நடுவிலதான் நிண்டிருக்கு."

அம்மா எழும்பிப் போய் உலையைப் பார்த்தார். அன்று புளிக்குழம்பு. உப்புச் சரியாக இருந்தது. நான் சாப்பிட்டேன், அம்மாவும் சாப்பிட்டார்.

மறுநாள் பின்னேரம் வேலையால் வரும்போது எங்கள் ஒழுங்கையில் சனம் நின்றது. யாரோ பாம்பு அடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால், எங்கள் வீட்டு முன்வேலியில், றோட்டுப் பக்கமாக, பாய் விரித்துக் கட்டியிருந்தது. அம்மா பக்கத்தில் அகப்பைக் காம்போடு நின்றார். வயலுக்குப் போனவர்களையும் வந்தவர்களையும் மறித்து மறித்துக் காட்டிக்கொண்டிருந்தார். இது அவர் பிடித்த இடம், கரிப்புள்ளி. இது துவக்குப் போட்ட இடம், வட்டம். மனிதன் எங்கே பிடித்தான், துவக்கு எங்கே போட்டது, பாருங்கள். இது சன்னத் துவக்கு இல்லை, ரைபிள். கண்ணுள்ளவன் வந்து குழலுக்குள் பார்க்கட்டும். அவ்வளவு காலமும் அப்பாவைப் பற்றிப் பகிடி விட்ட ஒருவர் விடாமல், பேர் சொல்லிக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்.

ஆட்கள் துளைகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். எதற்கென்று தனக்கே தெரியாமல் திரும்பவும் போட்டுக்கொண்டார்.

சனத்துக்குப் பின்னால் விதானையார் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். அவருக்குத் தர்மசங்கடம். எல்லோரும் போகும்வரை பொறுத்திருந்து சொன்னார்:

"அக்கா, இவ்வளவு பேர் கேட்டிட்டினம். நான் கேள்விப்படாத ஆள் மாதிரி இருக்கேலாது. ரைபிள் எண்டு எழுதத்தான் வேணும்."

"எழுதுங்கோ," என்றார் அம்மா.

"எழுதினா துவக்கு போயிடும்."

"தெரிஞ்சுதான் சொன்னனான். எழுதுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பல்லூசியின் விறைப்பு எனக்கு இன்னும் இறங்கவில்லை. பாயின் ஒரு மூலைக் கயிறு தளர்ந்திருந்தது, போய் இறுக்கிக் கட்டினேன்.

கச்சேரிக்குப் போன நாள் அம்மாவும் வருவேன் என்று நின்றார். பஸ்ஸில் துவக்கைச் சாக்கில் சுற்றி இருவர் மடியிலும் கிடத்தியிருந்தோம், வைத்தியத்துக்குப் பிள்ளை கொண்டுபோகிறமாதிரி. நான் அதை முதல்நாள் கடைசியாக ஒருமுறை துடைத்திருந்தேன். பிடிமரத்துக்குத் தேங்காயெண்ணெய் போட்டிருந்தேன். யானை தெளிவாக இருந்தது, முழங்கால் பிழையோடு.

கச்சேரி அதிகாரி கண்டிப்பான ஆள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பார்த்தால் மென்மையாகக் கதைக்கிற மனிதர். சாக்கை அவிழ்த்ததும் கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழும்பினார். தகடுகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார், மடக்கினார். குழலை ஜன்னலுக்குப் பிடித்தார். இப்படி ஒன்றைப் படத்தில்தான் கண்டதாகச் சொன்னார். அந்தக் காலத்தில் யானை சுடவென்று துரைமார் செய்வித்துக் கொண்டுவந்தது, வெறும் வயலில் எப்படிக் கிடந்தது என்று ஆச்சரியப்பட்டார். இதை எங்களிடம் வைத்திருக்கவிட முடியாது, கொழும்புக்கு எழுதிப் பார்க்கலாம், ஆனால் நம்பிக்கை வைக்க வேண்டாம் என்றும் அதே மென்மையோடு சொன்னார். பிறகு, துவக்கை மேசையில் வைத்துவிட்டு, கதைக்காகக் கேட்டார்:

"இதால ஆர் வெடி வைச்சது?"

"அப்பா," என்றேன்.

"என்னென்ன விழுத்தினவர்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் வருஷக்கணக்காகத் தயார் பண்ணிய பதில்கள் இருந்தன. ஒன்றைவிட ஒன்று திறமானது. வாயைத் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டார்.

"ஒண்டும் விழுத்தேல்லை, ஐயா," என்றார். "பிழை அவரில இல்லை."

அதிகாரி என்னை விட்டு அம்மாவைப் பார்த்தார். துண்டுச்சீட்டில் நம்பரை எழுதி, நூலில் கோத்து, குதிரையின் கழுத்தில் கட்டினார். ஒரு பியோன் வந்து தூக்கிக்கொண்டு போனான். பாரமென்று முதலில் தெரியாமல் ஒற்றைக் கையால் எடுத்தவன் மற்றக் கையையும் கொடுத்தான். கதவு திறந்தது, மூடியது.

வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. மடி வெறுமையாக இருந்ததில் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அம்மா ஜன்னலோரம் இருந்தார். கனதூரம் போனபிறகு கேட்டார்:

"அந்தத் துரைக்குத் தெரிஞ்சிருக்குமே, உது ரைபிள் எண்டு?"

"தெரிஞ்சிருக்கும்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"அப்பா கேட்டிருக்கமாட்டார்."

"ஓம்," என்றார். "கேக்கிற ஆளில்லை."

ஓமந்தையில் இறங்கினோம். சைக்கிளை உருட்டிக்கொண்டு நான் நடந்தேன், அம்மா பக்கத்தில் வந்தார். குளத்துப் பக்கம் வெயில் சரிந்து, வயல்கள் எல்லாம் ஒரே பச்சையாக, கதிர் தள்ளிக்கொண்டு நின்றன. எங்கள் வரம்புக்கு வந்ததும் அம்மா குனிந்து ஒரு கதிரைப் பிடித்து நகத்தால் நசித்துப் பார்த்தார். பால் வந்தது.

"இரவில தட்ட ஒரு பழைய தகரம் வேணும் தம்பி," என்றார். "நல்லாச் சத்தம் கேக்கிறதாப் பார்."

டிஸ்பென்சரியில் பிஸ்கற் தகரம் ஒன்று இருந்தது, கட்டுப்போடும் துணி வைக்கிறது. நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றேன். நாளைக்கல்ல, இன்றைக்கு என்றார் அம்மா. நான் சைக்கிளைத் திருப்பினேன்.